குத்தாத கல்

"கண்ணீர்த் துளி மாதிரி இருக்கு, வேண்டாம்மா" என்று பிரமு சொல்லி வாய் மூடுவதற்குள் கடைப் பெண் ஜெனிபா அந்த மோதிரத்தை எடுத்துத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள், முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது, அதற்குத்தான் சம்பளம், பாவம், காலையிலிருந்து எத்தனை பேருக்குச் சிரித்திருக்கிறாளோ. ஓரத்தில் ஏற்கெனவே பிரமு கழித்துக்கட்டியதெல்லாம் சேர்ந்து கிடந்தது. எல்லாம் மாதிரி மோதிரம்தான், வெள்ளி வளையத்தில் கண்ணாடிக் கல், விரலில் போட்டு வடிவம் பார்த்துக்கொள்ள. வடிவம் பிடித்துவிட்டால் அப்புறம் உள்ளேயிருந்து நிஜ வைரம் காகிதப் பொட்டலத்தில் மடித்து வரும். வெளியே திருநெல்வேலி டவுன் தெற்கு ரத வீதியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, கடைக்குள் ஏசிக் குளிர் பிரமுவின் முழங்காலைப் பிடித்தது. வலது பக்கம் மகள் மங்கை, இடது பக்கம் மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரம். பின்னால் சோபாவில் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார், கடையில் கொடுத்த ரோஸ் மில்க்கை உறிஞ்சிக்கொண்டு, உலகத்தில் ஒரு குறையும் இல்லாத மனிதராக. மாப்பிள்ளை குமரகுரு காரை நிறுத்த இடம் தேடிப் போயிருக்கிறான், இப்போ வந்துவிடுவான். இப்போ வந்துவிடுவான், இப்போ வந்துவிடுவான் என்று அவள் கண் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. வந்தா வரட்டுமே, மாப்பிள்ளைதானே வாராரு, புலியா வருது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கண் கதவை விடவில்லை.

இத்தனைக்கும் இந்த வடிவப் பஞ்சாயத்தை இழுத்துவிட்டவளே பிரமுதான். சௌந்தரம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்று மருமகளுக்குப் போடுகிற ஒற்றைக்கல் மோதிரத்துக்கு முதலில் கல்லை மட்டும் பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள், பெண்ணைப் பெற்றவள் அதைத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்கி எழுந்தால் கல் ராசி, கெட்ட கனவு கண்டால் திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. யாரும் கேட்கக் கூடாது என்றதுதான் பிரமுவுக்குப் பிடித்த இடம். இத்தனை வருஷத்தில் அவள் ஒன்றைச் சொல்லி யாரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் இருந்தது கிடையாது, கத்தரிக்காய் வாங்கினால்கூட ஏன் கத்தரிக்காய் என்பார் நயினார். கல் வந்தது. வட்டக் கல், ஒரு பொட்டு குறை சொல்ல முடியாத கல். அதை வைத்துக்கொண்டு படுத்தாள், எங்கே தூக்கம் வந்தது, தூங்கினால்தானே கனவு. விடிந்ததும் போனை எடுத்து, "பல்லு விழுந்த மாதிரி கனவு மதினி, எனக்கு என்னமோ போல இருக்கு" என்று கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். கல் திரும்பினால் பேச்சு கொஞ்சம் தடைப்படும், தடைப்பட்டால் நாள் தள்ளும், தள்ளினால் எங்கேயாவது ஒரு வழி பிறக்கும் என்று அவள் போட்ட கணக்கு. சௌந்தரம் லேசுப்பட்ட ஆளா! "அதுக்கென்ன மதினி, வட்டம் ஆகலன்னா வேற ஷேப்பே இல்லையா? எல்லாருமா கடைக்குப் போவோம், நீங்களே உங்க கையால எடுத்துக் குடுங்க" என்று தேனாகப் பேசிவிட்டாள். சாத்தப் பார்த்த கதவை அகலமாகத் திறந்துவைத்த கதை ஆகிப்போயிற்று. இப்போது ஓவல், பேரிக்காய், சதுரம், நீட்டக்கட்டம், இதயம் என்று ஒவ்வொன்றாக வருகிறது, இவளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை கண்டுபிடிக்கிறாள், உலகத்தில் வைரத்துக்கு எத்தனை வடிவம் இருந்துவிடப் போகிறது, என்றாவது தீரத்தானே வேண்டும்.

"இது மார்க்கீஸ் ஆன்ட்டி, இப்ப எல்லாரும் கேக்காங்க, விரல் நீளமாத் தெரியும்" என்று ஜெனிபா அடுத்ததை நீட்டினாள். இரண்டு பக்கமும் கூரான கல், கண் மாதிரி, கண்ணேதான், இமைக்காத கண். பிரமு அதைத் தன் மோதிர விரலில் போட்டு, கையை மேஜைக்கு அடியில் மடியில் வைத்து, மற்றக் கையால் விரல்களைச் சேர்த்துப் பிடித்து இறுக்கினாள். சுரீர் என்றது. பக்கத்து விரலில் கூர்முனை இறங்கிவிட்டது. "என்ன மதினி, கீழ வச்சுப் பாக்குதீய?" என்றாள் சௌந்தரம். "அளவு பாக்கேன் மதினி." அளவாம் அளவு. கண் மாதிரி இருக்கு, திருஷ்டி ஆகும், வேண்டாம் என்று அதையும் கழற்றிக் கொடுத்தாள். ஆனால் கண் என்று சொன்ன வார்த்தை போகாமல் அங்கேயே நின்றுகொண்டது. அன்றைக்கு நிச்சயதார்த்த மேடையில் அத்தனை கண் இருந்ததே, ஒரு கண்ணாவது பார்த்ததா? பிரமு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றதால் அவளுக்குத் தெரிந்தது, நேராக நின்றவர்களுக்குப் பூமாலை மறைத்தது. மங்கையோடு காலேஜில் படித்த பையன் மேடைக்கு வந்து, "மாப்பிள்ளை கெடச்சதும் எங்கள மறந்துராத மங்கை" என்றான், இவளுக்குத்தான் சிரிக்கத் தெரியுமே, வாய் கொள்ளாமல் சிரித்தாள், அப்போதுதான் குமரகுரு அவள் கையைப் பிடித்தான். போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே பிடித்தான். அப்புறம் இறுக்கினான். மங்கையின் சிரிப்பு பாதியில் நின்றது, விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிற்று, அவன் விடவில்லை, அந்தப் பையன் மேடையை விட்டு இறங்கும் வரைக்கும் விடவில்லை. முகத்தில் ஒரு கோபம் வரவேண்டுமே, வரவில்லை. சிரித்த முகம் சிரித்தபடி. கோபக்காரன் என்றால் கத்துவான், நாலு வீட்டுக்குக் கேட்கும், இது யாருக்குக் கேட்கும்.

மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் மங்கை கையைக் கழுவிக்கொண்டு நின்றாள். நிச்சய மோதிரத்தின் விளிம்பு நடுவிரலைக் கிழித்திருந்தது. "ஏட்டி, என்னாச்சு?" "கதவிடுக்குல மாட்டிட்டும்மா." அந்த மண்டபத்தில் பெண் அறைக்குக் கதவே கிடையாது, ஒரு பச்சைத் திரைதான் தொங்கும். பிரமு முந்தானையால் விரலைச் சுற்றினாள். ராத்திரி நயினாரிடம் சொன்னதற்கு, "கட்டிக்கப்போறவன் கையப் பிடிக்காம யாரு பிடிப்பா? கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுட்டான், சின்னப் பய, கூச்சம். உனக்கு எதுலயும் ஒரு நொட்டை" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவர் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை, அப்படிப் பிடிக்கிறதென்றால் என்ன என்று தெரியாத ஆள், அவருக்கு எப்படிப் புரியும். இதில் பெரிய கொடுமை மங்கை அந்தக் கதவைச் சொன்னதுதான். எவ்வளவு சீக்கிரம் சொன்னாள்! யோசிக்கவே இல்லையே. பிரமுவின் அக்கா சண்முகவடிவுக்கும் அப்படித்தான், கேட்டதும் பதில் வரும். அரிவாள்மணை பட்டுட்டு, வாளி விழுந்துட்டு, மாடிப்படி வழுக்கிட்டு. அக்கா வீட்டில் மாடியே கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பெண்ணாக இருந்த பிரமு அதையெல்லாம் நம்பினாள், பெரியவர்கள் நம்பவில்லை, நம்பின மாதிரி இருந்தார்கள். அக்கா செத்தொன்றும் போகவில்லை. கோவில்பட்டியில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள், சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான், கேட்டால் எனக்கு அதான் பழக்கம் என்பாள். அப்படியே ஒரு ஆயுசு ஓடிவிட்டது, என் பிள்ளைக்கும் ஓடும், எல்லாரும் நல்லா இருக்கா என்பார்கள், நல்லாத்தான் இருப்பாள்.

"ஆன்ட்டி, இது பிரின்சஸ்." சதுரம். நாலு மூலை. போட்டு, மடியில் வைத்து, இறுக்கினாள். அம்மாடி! மூலை எலும்பில் போய் இடித்தது. வேண்டாம், சதுரம் வீட்டுக்கு ஆகாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சௌந்தரம் இப்போதும் சிரித்தாள், ஆனால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், இந்தக் குளிரில் என்ன வியர்வை. இந்த அம்மாளுக்குத் தெரியுமா? பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருவேளை இவளுக்கும் யாராவது அப்படி, சீ, அடுத்த வீட்டுக் கதை எனக்கெதற்கு. "நீட்டக்கட்டம் பாருங்க ஆன்ட்டி, எமரால்டு கட், மூலையெல்லாம் வெட்டியிருக்கும்." மூலை வெட்டியிருக்கா? கொண்டா. போட்டாள், இறுக்கினாள், வெட்டின மூலையும் மூலைதான். வேண்டாம். இதயம், அடியில் ஒரு கூர். வேண்டாம். ஓவல், கூர் இல்லை, ஆனால் உயரமாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், கீழே கம்பி நாலும் பல்லு மாதிரி. வேண்டாம். நயினார் பின்னாலிருந்து, "ஏளா, நீ வைரம் எடுக்கியா, வெண்டைக்காய் முறிக்கியா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். பிரமு திரும்பவில்லை. அவள் மங்கையைப் பார்த்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரமாக இவள் ஏன் சண்டை போடவில்லை? இவள் சட்னிக்குக்கூடச் சண்டை போடுகிறவள் ஆயிற்றே. தீபாவளிச் சேலைக்குக் கடைவீதியிலேயே அழுது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் பேசாமல் வந்தவள். இன்றைக்கு அம்மா எதைத் தள்ளினாலும், "சரிம்மா", "ஆமாம்மா, நல்லால்ல", "நீ சொல்லுததுதாம்மா சரி." ஒரு மோதிரத்தையாவது தன் விரலில் போட்டுப் பார்த்தாளா? தொடவே இல்லையே. இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மங்கையின் செல்போன் நடுங்கியது. எடுத்துக் காதில் வைத்தாள். "ம். கடையிலதான். அம்மா பக்கத்துல. ஆமா, அத்தையும். இல்ல, சேல்ஸ் ஒரு பொண்ணுதான். பொண்ணுதான்னு சொல்லுதேன்லா. ம். சரி." வைத்துவிட்டாள். யாரு என்று பிரமு கேட்கவில்லை. "கார் விட எடம் கெடச்சுட்டாம், வாராவ" என்று மங்கை தானாகச் சொன்னாள், சொல்லிவிட்டு மறுபடி கையைத் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொண்டாள். விற்கிறது பெண்ணா ஆணா என்று கேட்டிருக்கிறான். கேட்டால் என்ன, சும்மா கேட்டிருப்பான். சும்மா கேட்பானா? பத்திரிகை அச்சுக்குப் போயாயிற்று, மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, பங்காளி, சொக்காரர் வீடெல்லாம் அழைத்தாயிற்று, இப்போது போய் வாயைத் திறந்தால் ஊர் என்ன கேட்கும்? என்ன செய்தான் என்று கேட்கும். கையைப் பிடித்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கைகொட்டிச் சிரிக்கும். அடித்தானா? இல்லை. குடித்தானா? இல்லை. வேறு சகவாசம்? இல்லை. அப்புறம் என்னத்துக்கு நிறுத்தினாள், தாய்க்காரிக்குக் கிறுக்கு என்று பேசும். அடித்த பிறகு சொன்னால் மட்டும் கேட்குமாக்கும், அடித்த பிறகு பொறுத்துப் போ என்னும். முந்தியும் சொல்ல முடியாது, பிந்தியும் சொல்ல முடியாது. எப்பத்தான் சொல்ல? ஒரு வாய் தண்ணீர் கேட்டால் ரோஸ் மில்க் கொண்டுவருவார்கள், வேண்டாம்.

"கடைசியா இது ஒண்ணு பாருங்க ஆன்ட்டி, குஷன் கட். தலகாணி மாதிரி." ஜெனிபாவின் குரலில் இப்போது கொஞ்சம் கெஞ்சல் இருந்தது. சதுரம் மாதிரி இருந்தாலும் மூலையெல்லாம் மழுங்கி, தாழ்வாகப் பதித்து, பார்க்கவே சாதுவாக இருந்தது. பிரமு போட்டாள். மடியில் வைத்தாள். இறுக்கினாள், இன்னும் கொஞ்சம் இறுக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு தன் பலம் முழுக்கச் சேர்த்து, ஒரு ஆம்பிளை கை எவ்வளவு இறுக்கும் என்று மனதால் கணக்குப் போட்டு அந்த அளவுக்கு இறுக்கினாள். வலித்தது. ஆனால் மற்றதுபோல இல்லை. இது பரவாயில்லை. இது அவ்வளவாகக் குத்தவில்லை, தோல் கிழியாது, கொஞ்சம் சிவக்கும், காலையில் சரியாகிவிடும், இதையே எடுத்துவிடலாம் என்று நினைத்து, அப்பாடா என்று ஒரு பெருமூச்சுகூட விட்டுவிட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. பரவாயில்லையா? என்னது பரவாயில்லை? நான் இங்கே உட்கார்ந்து என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன்? பெற்ற பிள்ளையின் கையை ஒருத்தன் நசுக்கப் போகிறான், அவன் நசுக்கும்போது எந்தக் கல் கொஞ்சமாகக் குத்தும் என்று தாய்க்காரி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அடிப் பாவி. அடி பாவி மட்டை. அக்காவுக்கு முழுக்கை ரவிக்கை தைத்துக் கொடுத்ததும் அம்மாதானே. அந்தத் துணியை அம்மா எவ்வளவு ஆசையாகப் பொறுக்கி எடுத்தாள், வெயிலுக்கு இதமான மெல்லிய வாயில் பருத்தித் துணியாகப் பார்த்து.

கண்ணாடிக் கதவு திறந்து வெயிலும் குமரகுருவும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். நல்ல உயரம், நல்ல நிறம், நெற்றியில் திருநீறு, குறை சொல்ல முடியாத பிள்ளை. "என்ன அத்தை, இன்னும் முடியலையா? இங்க பாருங்க, நான் ஒரு நிமிஷத்துல முடிச்சுத் தாரேன்" என்று சிரித்தபடி தட்டைத் தன் பக்கம் இழுத்தான், ஓரத்தில் கிடந்த சதுரக் கல்லை, அந்த நாலு மூலைக் கல்லை எடுத்தான். "இதான். ஷார்ப்பா இருக்கு. மங்கை, கையக் குடு." மங்கை கையைத் துப்பட்டாவிலிருந்து எடுத்தாள். எடுக்கும்போதே விரலையெல்லாம் உள்ளே மடக்கி வைத்திருந்தாள். நத்தை உள்ளே போகிற மாதிரி. இதை எப்போது பழகினாள், எத்தனை தடவை நடந்தால் இது பழக்கமாகும் என்று பிரமு நினைப்பதற்குள் அவன், "விரல விடு மங்கை, மோதிரம் எப்படிப் போட?" என்று செல்லமாகச் சொல்லிக்கொண்டு அவள் கையைப் பிடித்தான். சிரித்த முகம் சிரித்தபடி. நகம் வெளுத்தது. பிரமுவின் கை தானாகப் போய் அந்த இரண்டு கைக்கு மேலேயும் விழுந்தது. "கைய விடுங்க மாப்பிள்ளை."

அவன் புரியாமல் பார்த்தான், ஆனால் விட்டுவிட்டான். "என்ன மதினி, அந்தக் கல்லு வேண்டாமா? அதுக்கென்ன, வேற பாப்போம், திரும்பவும் கனவு ஏதும்..." என்று சௌந்தரம் தேனை ஊற்றத் தொடங்கினாள். "கனவும் இல்ல ஒண்ணும் இல்ல மதினி. அன்னைக்கும் நான் கனவு காணல, பொய் சொன்னேன். நீங்க அனுப்பின கல்லுல ஒரு குத்தமும் கெடையாது." சோபாவில் தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. "ஏளா பிரமு, என்ன பேசுத நீ?" என்று நயினார் எழுந்து வந்தார். பேச ஆரம்பித்துவிட்டதால் பிரமுவுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "நீங்களும் பாருங்க" என்று தன் இடது கையைக் கறுப்பு வெல்வெட் தட்டின் மேல் விரித்து வைத்தாள். குஷன் கல் இன்னும் விரலில் இருந்தது. பக்கத்து விரல் வீங்கிச் சிவந்து, மேலிருந்து கீழ் வரைக்கும் குழி குழியாகத் தடம். கூர் பதிந்தது, மூலை பதிந்தது, ஒரு இடத்தில் தோல் பிய்ந்து ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. ஜெனிபா, "ஐயோ ஆன்ட்டி" என்று டிஷ்யூ தாளை எடுத்தாள், அவள் முகத்தில் அந்தச் சம்பளச் சிரிப்பு இல்லை. "உங்க மகன் பிடிக்கிற மாதிரி நானே என் கையப் பிடிச்சுப் பாத்தேன் மதினி. எந்தக் கல்லுன்னா என் மக கையில குத்தாதுன்னு பாத்தேன். எல்லாத்தையும் பாத்தாச்சு. எல்லாம் குத்துது." குமரகுரு தன் அம்மாவைப் பார்த்தான். சௌந்தரம் அவனைப் பார்க்கவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நயினார் வாயைத் திறந்தார், மனைவியின் விரலைப் பார்த்தார், மகளின் விரலைப் பார்த்தார், நடுவிரலில் அந்தப் பழைய காயத்தின் தழும்பை இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி குனிந்து பார்த்தார். பிரமு மாதிரி மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள், வீக்கத்தில் வரவில்லை. மங்கை மடக்கியிருந்த விரல்களைப் பிரித்து அம்மாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எச்சிலைத் தொட்டு மெதுவாகத் திருகித் திருகிக் கழற்றினாள். கழற்றித் தட்டில் வைத்தாள். கூடவே தன் விரலிலிருந்த நிச்சய மோதிரத்தையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். "போலாம்மா" என்றாள்.